முழுகாத கை

தொட்டிக்கு லாரித் தண்ணீர் விட்டிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைப் பிடுங்கியது. யோர்தான் நதியாம், யோர்தான், என்று எப்சிபாய் மனதுக்குள் பழிப்புக் காட்டிக்கொண்டாள். சபைக் கட்டடத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் ஜெனரேட்டர் ஷெட்டுக்கும் நடுவே, இடுப்பளவு ஆழத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. உள்ளே நீல டைல்ஸ். இறங்க இந்தப் பக்கம் படி, ஏற அந்தப் பக்கம் படி. பின்சுவரில் ஓர் ஆறும் ஒரு புறாவும் வரைந்திருந்தார்கள்; வரைந்தவன் புறாவையே பார்த்ததில்லை போலிருக்கிறது, கோழிக்கால் போட்டு வைத்திருந்தான். இந்தத் தொட்டிக்காகத்தான் பெற்ற மகன் மாதக்கணக்கில் கண்ணீர் விட்டான். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் எடுத்து முடித்தவள், பிஷப் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் பெற்றவள், பெத்தேல்விளைக் கோயிலில் தலை நரைக்கும்வரை பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரலில் பாடியவள், அறுபது வயதுக்கு மேல் இன்று வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். அங்கியின் கீழ்க்கரையில் வலைக்குண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். தண்ணீரில் இறங்கினால் துணி குடையாக விரிந்து காலைக் காட்டிவிடுமாம்; அதற்காகப் பாஸ்டரம்மா மணப்பாட்டுக்குச் சொல்லி அனுப்பி, மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கி, ஒவ்வொரு அங்கிக்கும் அவளே உட்கார்ந்து தைத்தாளாம். நடக்க நடக்கக் கணுக்காலில் இடித்தது. நல்ல யோசனைதான் என்று எப்சிபாய் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. முழுகி எழுந்தால் இங்கே மகன் கிடைப்பான். ஊரில் புருஷன் பக்கத்துக் கல்லறை போய்விடும். அவ்வளவுதான் விஷயம், அதற்கு இத்தனை கீபோர்டும் கைதட்டலும்.

அவளுக்கு முன்னால் இரண்டு பேர். முதலில் கல்லூரிப் பெண் ஒருத்தி, பல்லுக்குக் கம்பி போட்டவள், நடுங்கிக்கொண்டிருந்தாள், பக்தியில் நடுங்குகிறாளாம். இந்த வெயிலில் வேறு எதற்கு நடுங்க? அடுத்தவர் பிளாட் புரோக்கர், அங்கிக்குள் அடங்காத தொப்பை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று யாரோ துரத்துகிற வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் நிலத்தை எப்படியெப்படி விற்றாரோ, எல்லாம் இந்த லாரித் தண்ணீரில் கழுவிப் போகுமாம். பாஸ்டர் டைட்டஸ் ஏற்கெனவே தொட்டிக்குள் நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. தண்ணீருக்குள் நிற்கிற மனிதனுக்கு டை எதற்கு? ஆனால் அதைக் கழற்றிவிட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த டைட்டஸ்தான் மிஞ்சுவார் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். பிள்ளைப் பருவத்தில் அவளுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்லை என்று சொல்ல இவர் வந்துவிட்டார். அங்கி போட்ட குருவானவர்கள், ஐயர்மார், எத்தனை பேர், கப்பலில் வந்த பளிங்குத் தொட்டி, ஞானத்தாயாக நின்ற அன்னப்பாக்கியம் பெரியம்மா, எல்லாம் வீண், ஜெராக்ஸ் கடைக்காரர் தொட்டால்தான் செல்லும். தொட்டிக் கரையில் கிப்சன் துண்டோடு நின்றான். மருமகள் பெனிட்டா கைபேசியை உயர்த்திப் பிடித்து, நல்ல வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தாள். கிப்சன் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் அவள்தான் அவனுக்கு அப்படித் தலையாட்டி அனுப்பினாள்.

புருஷன் போன பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலிக்கு மகனோடு வந்ததுதான் அவள் செய்த காரியம். வந்த வாரமே ஆரம்பித்துவிட்டான். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "எம்மா, நீ இரட்சிக்கப்பட்டிருக்கியா?" என்றான். "இரட்சிக்கப்பட்டுத்தாம்ல ஒன்னப் பெத்தேன்" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வேடிக்கைக்குச் சிரிக்காத பிள்ளை எதற்கும் துணிவான். அப்புறம் சனிக்கிழமைதோறும் உபவாசம். அம்மாவின் ஆத்துமாவுக்காகவாம். எதிரில் ஒருத்தன் உனக்காகப் பட்டினி கிடக்கும்போது மீன்குழம்பு எப்படித் தொண்டையில் இறங்கும்? அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய் நின்றபடி சாப்பிட்டாள், களவாணி மாதிரி. அவன் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது தட்டுதான். மாதத்தின் முதல் ஞாயிறு இங்கே அப்பம் பிட்கிறார்கள்; முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும். தட்டைக் கொண்டுவருகிறவன் கிப்சன். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தான், அவளிடம் வந்ததும் தட்டு கொஞ்சம் உயர்ந்தது, அவள் தலைக்கு மேலே போய் அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் இறங்கியது. ஊர்க் கோயிலில் அவள் முழங்கால் போட்டு வாங்காத இராப்போஜனமா? அந்தப் பக்கத்துப் பெண் நேற்றுவரை கிறிஸ்தவளே இல்லை, வாயில் அப்பத்தைப் போட்டுக்கொண்டு எப்சிபாயைப் பாவம் என்பதுபோல் பார்த்தாள். சீ. அவளுக்கு முகம் எரிந்தது. கிப்சன் கண்ணில் தண்ணீர் நின்றது. தூக்கிப் பிடித்த கை அவனுடையது, அழுகிறவனும் அவனே. இதற்கு மேல் என்ன செய்ய. அடுத்த மாதமும் தட்டு அப்படியே தாண்டிப் போன அன்றுதான், வீட்டுக்கு வருகிற ஆட்டோவில், சரி எடுக்கேன் என்றாள். அவன் ஆட்டோவிலேயே ஓவென்று அழுதான். ஆட்டோக்காரர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து மெதுவாக ஓட்டினார்.

ஆனால் அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. அவர்கள் சொல்லிக் கொடுத்ததை வைத்தே அவர்களை மடக்க ஒரு வழி வைத்திருந்தாள். முழுக்குக்கு முன் வகுப்பு நடந்தது; டைட்டஸ் பலகையில் எழுதி எழுதி விளக்கினார். குழந்தைக்கு என்ன தெரியும், விசுவாசம் முதலில், தண்ணீர் அப்புறம், விசுவாசமில்லாமல் முழுகினால் அது வெறும் குளியல். வெறும் குளியல்தானே? நல்லது, இன்றைக்கு அவள் குளிக்கப் போகிறாள். உடம்பு நனையும், மனது இம்மியும் நகராது. பழைய ஞானஸ்நானம் பத்திரமாக உள்ளே இருக்கும். கர்த்தருக்குத் தெரியாதா எது எது என்று. இப்படி ஒரு கணக்குப் போட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதே வகுப்பில் டைட்டஸ் இன்னொன்றும் சொன்னார், அதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. "ஞானஸ்நானம்ங்கிறது கழுவுறது மட்டும் இல்ல, அடக்கம். பழைய ஆளப் பொதைக்கிறோம். பொதைக்கணும்னா தலையில ரெண்டு கை மண்ணத் தூவிட்டு வீட்டுக்கு வந்துருவியளா? முழுசா மூட வேண்டாமா?" எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இவ்வளவு வாயா என்று அவள் உதட்டைப் பிதுக்கினாலும், தெளிப்பு ஞானஸ்நானத்துக்கு இதைவிட நறுக்கென்று ஓர் எதிர்ப்பேச்சு கேட்டதில்லை. ஊரில் ஐயரிடம் சொன்னபோது அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "பிள்ளைக்குத் தெரிஞ்ச பொறவா தாய்ப்பால் குடுக்கோம்? கிருபை அப்படித்தாம்மா, நாம அறியதுக்கு முந்தியே வந்துரும்" என்றார். அதுவும் நறுக்கென்றுதான் இருந்தது. இவர் சொன்னால் இவர் சரி, அவர் சொன்னால் அவர் சரி. இரண்டு பக்கமும் ஒருத்தனாவது அவளிடம், நீ என்னம்மா நினைக்கே என்று கேட்டானா? ஆள் பிடிக்கிறதில்தான் இரண்டு கட்சிக்கும் குறி.

கல்லூரிப் பெண் படியில் இறங்கினாள். கீபோர்டு உச்சத்துக்குப் போனது. காலையில் கிளம்புகிற நேரத்தில் கொழுந்தன் பொன்னுத்துரை போன் பண்ணியிருந்தார். ஊர்ச்சபைக் கமிட்டிச் செயலாளர். அண்ணன் வகித்த பதவி, அண்ணன் உட்கார்ந்த நாற்காலி, அண்ணன் பேசிய பேச்சு. "மைனி, கடைசியாச் சொல்லுதேன். முழுக்கு எடுத்தா சபையில பேரை எடுத்துருவோம். நாளைக்கு ஒண்ணுன்னா கல்லறைத் தோட்டத்துல எடம் கெடையாது. எங்க கையில இல்ல, சட்டம்." அவள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். "அண்ணன் ஆசை ஆசையாக் கட்டுன கல்லறை மைனி. அண்ணன் ஒத்தையிலயா கெடப்பாவ?" இதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மனதுக்குள் விசுவாசித்தாளா இல்லையா என்று பொன்னுத்துரை கேட்கவே இல்லை என்பது ஆட்டோவில் வரும்போதுதான் உறைத்தது. நனைந்தாளா இல்லையா, அதுதான் அவருக்குக் கணக்கு. இங்கேயும் நனைந்தால் போதும், அங்கேயும் நனையாவிட்டால் போதும். அவள் போட்டு வைத்திருந்த குளியல் கணக்கு ஊரில் செல்லாது. நீ குளிச்சியோ முழுகினியோ, படத்தில் தண்ணிக்குள்ளே நிக்கியா இல்லையா என்பார்கள். பெனிட்டா எடுக்கிற படம் இன்று மத்தியானத்துக்குள் எங்கெல்லாமோ போய்விடும். ஆக, மனது எங்கே இருந்தாலும் கல்லறை போனது போனதுதான், அவளுடைய சாமர்த்தியத்தைக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான்.

நல்ல கல்லறை. அதைச் சொல்லத்தான் வேண்டும். புருஷன் ஞானசிகாமணி தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவுடன் செய்த முதல் வேலை அதுதான், உயிரோடு இருக்கும்போதே இரட்டைக் கல்லறை கட்டிவிட்டார். வேம்புக்குப் பக்கத்தில், மேட்டு நிலத்தில், மழைத் தண்ணீர் தேங்காத இடம் பார்த்து, கறுப்புக் கல் பதித்து. புது வீட்டைக் காட்டக் கூட்டிப்போவதுபோல ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிப்போய் இடது பக்கத்தைக் காட்டி, இது உனக்கு என்றார். கல்லில் அவர் பெயர், படிப்பு, வகித்த பதவிகள் எல்லாம் பொறித்து முடித்து, கடைசியில் ஒரு வரி, 'இவர் மனைவி' என்று. அதற்குக் கீழே தேதிக்கு இடம் விட்டிருந்தது. பெயர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. அப்புறம் வெட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஈஸ்டர் விடியற்காலையில் மெழுகுதிரியோடு வருகிற பெண்கள் எல்லாம், எப்சிபா நீ கொடுத்து வச்சவ என்று வாய்விட்டுச் சொன்னார்கள். அவர்களின் புருஷன்மார் எல்லாம் மண்ணை மட்டும் மூடிக்கொண்டு கிடந்தார்கள். அவளும் கொடுத்து வைத்தவளாகத்தான் நடந்துகொண்டாள். பிள்ளை பெயர் வைத்த அன்றும் அப்படித்தான். அவள் அப்பா பெயரை வைப்பதாக வீட்டில் பேசி முடித்து, அவரும் சரி சரி என்று, மூன்று மாதக் குழந்தையை வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்குத் தூக்கிப்போய், பளிங்குத் தொட்டி பக்கத்தில் நின்றபோது ஐயர் வழக்கப்படி, இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள் என்றார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு 'கிப்சன்' என்றார். எந்தக் காலத்திலோ பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரன் பெயராம். ஐயர் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டார், முடிந்தது. பெற்ற பிள்ளையின் பெயரைச் சபையில் மற்றவர்களோடு சேர்ந்துதான் அவளும் தெரிந்துகொண்டாள். பாட்டு பாடச் சொன்னார்கள், ஆல்ட்டோ பாடினாள். ஆசீர்வாதம் என்று அப்பாவின் பெயரை ஒரே ஒரு தரம், குழந்தையைக் குளிப்பாட்டும்போது காதோடு சொல்லிப் பார்த்தாள், அது தும்மியது.

"ஸ்தோத்திரம்!" புரோக்கர் எழுந்துவிட்டார். அவர் இறங்கியதில் தண்ணீர் கரை தாண்டி வழிந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு அழுதார். அழுகை நிஜமாகவே இருந்தது, சின்னப் பிள்ளையின் அழுகை, அதைப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்தது, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாங்க அத்தை, பைய, வழுக்கும்" என்று பெனிட்டாவின் குரல். முதல் படி. தண்ணீர் சில்லென்று கணுக்காலைப் பிடித்தது. வலைக்குண்டுகள் அடங்கி, அங்கி காலோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் படி. கிணறு, குளம், கடல் எதுவும் அவளுக்கு ஆகாது. கன்னியாகுமரிக்குப் போனால்கூடக் கரையிலேயே செருப்புகளுக்குக் காவல் இருப்பவள். முழங்கால், தொடை, இடுப்பு. இத்தனை பேர் முன்னால் ஈரத்துணியோடு நிற்கிறோமே என்ற கூச்சம் ஒரு பக்கம், இந்த ஆள் கைநழுவ விட்டுவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம். டைட்டஸ் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கையை வைத்தார். கை ஐஸாக இருந்தது, காலையிலிருந்து தண்ணீரில் நிற்கிறார். "பயப்படாதீங்கம்மா, நான் பிடிச்சிருக்கேன்" என்றார் மெதுவாக, மைக்குக்குக் கேட்காமல். பிறகு உரக்க, "இயேசுவை உங்க சொந்த இரட்சகரா முழு இருதயத்தோட விசுவாசிக்கிறீங்களா?" அவள் "விசுவாசிக்கிறேன்" என்றாள். இதில் பொய் ஒன்றும் இல்லை, எப்போது விசுவாசிக்காமல் இருந்தாள்? இன்றைக்குத்தான் தொடங்கினதாக இவர்கள் நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. கிப்சன் பெரிதாக "ஆமென்" என்றான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று கேட்டது. மூக்கில் கைக்குட்டை அழுந்தியது. முதுகு சரிந்தது.

சத்தம் எல்லாம் அறுந்து போனது. கீபோர்டு எங்கேயோ மூன்று தெருவுக்கு அப்பால் ஒலித்தது. கண்ணைத் திறக்காதே, வாயைத் திறக்காதே. மல்லாந்து கிடந்தாள், மேலே தண்ணீர், முதுகுக்கு அடியில் ஒரு கை, பக்கத்தில் ஓர் ஆம்பளையின் கனம். செத்துப் போனேனோ என்று ஒரு நினைப்பு, பெட்டிக்குள் வைத்துவிட்டார்களோ, மேட்டு நிலத்தில், வேம்புக்கு அடியில், இடது பக்கத்தில், இதுதான் அந்த இடமோ. அப்போது கேட்டது, காதுக்குப் பக்கத்திலேயே, புருஷனின் குரல். தள்ளிப் படு. திட்டாமல், கோபப்படாமல், தூக்கக் கலக்கத்தில், தலையணையை நகர்த்தச் சொல்கிற குரலில், தள்ளிப் படு. ஏசியதில்லை, கை நீட்டியதில்லை, குடி கிடையாது, ஊரில் அவரைப் போல் மனுஷன் உண்டா என்பார்கள். அவளுடைய அப்பா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில், நாலு பேர் படுக்கலாம், ஒல்லியான மனுஷன், ஆனால் நடுவில்தான் படுப்பார். கல்யாணத்து மறுநாளிலிருந்து தள்ளிப் படு, பிள்ளையுண்டாகி வயிறு பெருத்தபோது தள்ளிப் படு, காய்ச்சலில் அனத்தியபோது தள்ளிப் படு. அவள் கட்டில் விளிம்புக்குப் போய், விழுந்துவிடாமல் இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். விடியும்போது விரல் மரத்திருக்கும். ஏன் விரல் மரத்துப் போகிறது என்று டாக்டரிடம்கூடக் காட்டினாள், டாக்டர் சத்துக்குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார், அதையும் முட்டாளாகத் தின்றாள். இப்போது அந்தக் கை, அவளைக் கேட்காமல், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே போய் எதையோ பிடித்தது. பிடித்த பிடியை விடவில்லை.

தூக்கிவிட்டார்கள். வெளிச்சம், இருமல், மூக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர். எல்லாரும் அல்லேலூயா என்று கத்த வாயெடுத்த நேரத்தில் பாஸ்டரம்மா, "கை முங்கல" என்றாள். கீபோர்டு நின்றது. "இடது கை மேலயே இருந்திச்சு. தொட்டியப் பிடிச்சுக்கிட்டாவ." எப்சிபாய் பார்த்தாள். அவள் இடது கை இன்னும் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, முழங்கையிலிருந்து விரல்வரை காய்ந்த கை, காலையில் பூசிய முகப்பவுடர் வாசனைகூடப் போகவில்லை. கரையில் சலசலப்பு. தலை முழுகினால் போதாதா என்றார் புரோக்கர், துண்டுக்குள்ளிருந்து. அவர் ஐந்து நிமிஷத்து மூத்த விசுவாசி. அது எப்படி, கையை வெளியே விட்டுட்டுப் பொதைப்பாங்களா என்றது ஒரு குரல். கைக்காக ஒரு மாநாடு. வேறு நேரமாக இருந்தால் அவள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். கிப்சன் குனிந்து அவள் முகத்தருகே வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எம்மா, பயந்துட்டியா? முடியலன்னா இன்னைக்கு வேண்டாம்மா. ஏறிரு. அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்." அவன் நிஜமாகவே பயந்துபோயிருந்தான், அவளுக்காக. மகன் என்று கையில் கொடுத்த அன்றைக்குப் பார்த்த முகம். அவன் உபவாசமும் அழுகையும் கிடக்கட்டும், இந்த முகத்துக்காகத் தொட்டி என்ன, கடலிலேயே இறங்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதைக் காட்டிக்கொள்ளாமல் அவள் பாஸ்டரிடம் திரும்பினாள்.

"இப்ப நான் ஏறிட்டேன்னா, இது எடுத்த கணக்கா, எடுக்காத கணக்கா?"

டைட்டஸ் யோசித்தார். ஈர டை சட்டையோடு ஒட்டிக் கிடந்தது. அவர் எப்படியாவது ஓர் ஆளைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். "எடுக்காத கணக்குதாம்மா" என்றார். "நான் பொய் சொல்ல மாட்டேன்."

எடுக்காத கணக்கு. அப்படியென்றால் ஏறிவிடலாம். தலை துவட்டிக்கொண்டு போன் பண்ணலாம், பொன்னுத்துரை, மைனி முழுகல, பேரை எடுக்காத, சாட்சிக்கு வேண்டுமானால் இந்தப் பாஸ்டரே இருக்கிறார். கல்லறை கையைவிட்டுப் போகவில்லை. அவர் ஒத்தையில் கிடக்க வேண்டாம். காலையில் எதற்காக அழுதாளோ அது அப்படியே அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, ஒரு கை முழுகாத புண்ணியத்தில். சந்தோஷம் வரும் என்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி காத்துப் பார்த்தாள். வரவில்லை. மேட்டு நிலத்தில் இடது பக்கம் போய்ப் படுப்பதை நினைத்தாள். கறுப்புக் கல், அதில் அவர் படித்த படிப்பெல்லாம், கீழே 'இவர் மனைவி'. பெயரை எவனும் வெட்டப் போவதில்லை, பொன்னுத்துரையா வெட்டுவார், அவருக்கு மைனியின் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். அங்கே கட்டில் சட்டம்கூட இருக்காது பிடித்துக்கொள்ள. கடைசி எக்காளம் ஊதி, மரித்தோரெல்லாம் எழும்புகிற அந்த விடியற்காலையிலும், அவர் எழும்ப இடம் போதவில்லை என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார், தள்ளு. அவளும் தள்ளுவாள். இந்த இடத்துக்காகவா காலையில் மூக்கைச் சிந்தி அழுதாள்? இதற்காகவா ஊர்ப் பெண்கள் கொடுத்து வைத்தவள் என்றார்கள், இதைக் கேட்டு இவளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெழுகுதிரி ஏற்றினாள்? ஜெராக்ஸ் கடையையும், புரோக்கரின் தொப்பையையும், கோழிக்கால் புறாவையும் காலையிலிருந்து ஏளனம் பண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பட்டியலில் எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டியவள் யார் என்று பளிச்சென்று தெரிந்தது. தூ, எப்சிபா, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். கணவனைப் பிரியப் போகிறோம் என்று நினைத்தாயே, நீ அவரோடு எப்போது இருந்தாய், விளிம்பில் அல்லவா இருந்தாய்.

"என்னம்மா செய்ய?" என்றார் டைட்டஸ்.

இடது கையின் விரல்களைத் தொட்டி விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்; அவை லேசில் வரவில்லை. கையைத் தண்ணீருக்குள் கொண்டுவந்து, வலது கையோடு சேர்த்து மார்பில் வைத்து, பாஸ்டர் நாமத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தானாகவே பின்னால் சாய்ந்தாள். டைட்டஸ் அவசர அவசரமாகப் பிடித்தார். தண்ணீர் முகத்தின் மேல் மூடியது. மூச்சை அடக்கிக்கொண்டு நடுவில் கிடந்தாள், தொட்டியின் நட்டநடுவில். இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் என்று இருந்தது. கர்த்தரே, நீர் எந்தக் கணக்கில் எழுதிக்கொண்டாலும் சரி, என்று நினைத்தாள். இது குளியல் இல்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

தூக்கி நிறுத்தியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள், அடங்கவில்லை. இருமலும் சிரிப்புமாகத் தொட்டிக்குள் நின்று குலுங்கினாள். கூட்டம் ஒரு வினாடி திகைத்தது, பிறகு பாஸ்டரம்மா இரண்டு கையையும் தூக்கி, "ஆவியின் அபிஷேகம்!" என்று கத்தினாள், எல்லாரும் கத்தினார்கள், கீபோர்டுக்காரன் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டான். கிப்சன் துண்டோடு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டான், பேன்ட்டு ஷூவெல்லாம் நனைய. "எம்மா, எம்மா, சந்தோஷமா இருக்கா?" என்றான். "இருக்குல" என்றாள். எந்தச் சந்தோஷம் என்று அவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவனுக்கு வேண்டியது கிடைத்தது, தட்டு இனி அவளைத் தாண்டாது. இத்தனை வருஷம் அவன் அப்பா பக்கத்தில் படுத்தாயிற்று, அது போதும். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்துப் படியில் ஏறினாள். குண்டுகள் கணுக்காலில் இடித்தன. பெனிட்டா படத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டே, "சூப்பரா வந்திருக்கு அத்தை" என்றாள்.

எப்சிபாய் துண்டால் முகத்தைத் துடைத்தாள். "ஒங்க பொன்னுத்துரைச் சித்தப்பாவுக்கு அத இப்பமே அனுப்பு. மொதல்ல எடுத்தத இல்ல. கை முங்கினதாப் பாத்து அனுப்பு."